பாட்டிலுக்குப் பின்னாடி வெளிச்சம்

…நான் என்ன வேணும்னேவா சார் செஞ்சேன்? காலக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கோங்க, இந்தத் தூக்குவாளி மூடி சரியா பொருந்தாது. உள்ள திராட்சை ஸ்குவாஷ், தண்ணி கலந்து குடிக்கற கெட்டிச் சாறு. சிந்துச்சுன்னா உங்க பேன்ட்டு அவ்வளவுதான். பஸ்ஸு வேற குதிச்சு குதிச்சு போகுது.

எங்க விட்டேன்? ஆங்... பாட்டில். என் தங்கச்சி போடற ஸ்குவாஷுக்கு நான்தான் போட்டோ எடுத்துத் தரேன்னேன். கண்ணாடி பாட்டில் போட்டோ எடுத்திருக்கீங்களா சார்? எடுக்காதீங்க. மனுஷனா இருந்தா கொஞ்சம் திரும்பி நில்லுங்கன்னு சொல்லலாம். முன்னாடி விளக்க வச்சேன்... பாட்டிலுக்குள்ள விளக்கு தெரியுது. விளக்குப் பக்கத்துல நான் தெரியறேன், நைட்டியோட. எனக்குப் பின்னாடி எங்க வீட்டுக்காரர், பனியனோட, வாழைப்பழம் சாப்பிட்டுக்கிட்டு. என் தங்கச்சி விக்கப்போற பாட்டில்ல எங்க குடும்பமே குடியிருக்கு!

அவர வெளிய போகச் சொன்னேன். "என் வீட்டுல நான் உக்காரக் கூடாதா"ன்னாரு. மாடிப்படில உக்காருங்கன்னேன். போனாரு, பாவம், பழத்தோட. அப்புறம் டேபிள ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, ஜன்னல் முழுக்க ட்ரேசிங் பேப்பர் ஒட்டி, பாட்டிலுக்குப் பின்னாடியிருந்து வெளிச்சம் வர வச்சேன். பாத்தா, பாட்டிலோட ஓரத்தையே காணோம்! ரெண்டு பக்கமும் கருப்பு சார்ட் பேப்பர நிக்க வச்சாதான் ஓரம் கோடு போட்ட மாதிரி வருது. யாரு சொல்லித் தந்தா எனக்கு? யாரும் இல்ல, நானா முட்டி மோதிக் கண்டுபிடிச்சது. மூணு நாள் சார். மூணு நாளும் எங்க வீட்டுல வெளிச் சாப்பாடுதான்...

சரி, ஓரம் வந்துருச்சு. உள்ள? கன்னங்கரேல்னு, தார் மாதிரி. தங்கச்சி அவ்வளவு கெட்டியா காய்ச்சறா, வெளிச்சம் எப்படிப் போகும், சொல்லுங்க? அதனால... முக்கால்வாசிய இந்தத் தூக்குல ஊத்திட்டு, பாட்டில்ல தண்ணிய விட்டேன். போட்டோவுக்கு மட்டும்! அடடா, வந்துச்சு பாருங்க ஒரு சிவப்பு! ஒண்ணு சிவப்பு, மிச்சம் அஞ்சு கருப்புன்னு இருந்தா நல்லாவா இருக்கும்? ஆறுலயும் விட்டேன்.

திருப்பி ஊத்தலாம்னுதான் இருந்தேன். அசதி, படுத்துட்டேன். இன்னிக்குக் காலைல ஆறரைக்கெல்லாம் தங்கச்சி வந்து நிக்கறா. பதினோரு மணிக்கு பெரிய கடையில ருசி பாக்கறாங்களாம். பிடிச்சிருந்தா அவங்க கிளை எல்லாத்துலயும் வைப்பாங்களாம். பாத்த வேலைய விட்டுட்டு ரெண்டு வருஷமா அடுப்படியில நிக்கறா சார் இதுக்காக! லேபிள் ஒட்டுன பாட்டில் இந்த ஆறுதான். எடுத்துப் பையில வச்சுட்டா. அங்க போனா அவங்க இன்னொரு தடவ தண்ணி கலந்துதானே குடிப்பாங்க... தண்ணிக்குத் தண்ணி.

சொல்லியிருக்கலாமேன்னு பாக்கறீங்க. உங்களுக்கென்ன. அந்தப் போட்டோவப் பாத்தா சார் அவ. பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டா. "அக்கா, இது என் பாட்டிலா?"ங்கறா, கண்ணு கலங்கிப் போயி. சின்ன வயசுலேருந்து, நான் எதத் தொட்டாலும் வெளங்காதுன்னு சொல்றவ அவ. அவ என் கையப் பிடிச்சுக்கிட்டு, "உன்னாலதான்க்கா"ன்னா. அப்பப் போயி எப்படிச் சொல்றது? எனக்கு அந்த ஒரு நிமிஷம் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு சார். முன்ன பின்ன தெரியாத உங்ககிட்ட இவ்வளவு பேசற வாயி... அங்க பூட்டுப் போட்டுக்கிச்சு.

அதான், கடைக்காரங்க பாட்டிலத் திறக்கறதுக்குள்ள போயி, யாரும் பாக்காதப்ப தண்ணியக் கொட்டிட்டு இத ஊத்திரலாம்னு கிளம்பினேன். புனல் கூட எடுத்து வச்சிருக்கேன், பாருங்க. ...ஏன் பஸ்ஸு நிக்குது? இன்னும் எத்தன ஸ்டாப்பு? மணி என்ன சார்? பத்து அம்பதா!

என்ன எந்திரிக்கறீங்க... இங்கயே இறங்கறீங்களா? அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கறீங்களா? பண்ணலாம்... பண்ணா அவ... சார்? ...போயிட்டாரு.

...

ஹலோ. நான்தான். எங்க இருக்க? உள்ள கூப்பிட்டுட்டாங்களா? ...இரு, பாட்டிலக் குடுக்காத. அது ஸ்குவாஷ் இல்ல, பாதிக்கு மேல தண்ணி. நான்தான் கலந்தேன். போட்டோவுக்காக. ...காலைலயே தெரியும். நீ எடுத்து வைக்கறப்பவே தெரியும். நீ என்னப் பாராட்டுனியா... அதான் சொல்லல.

...ஹலோ?

...இருக்கியா? ஏதாவது பேசேன்டி.