வசனத்துக்கு முன் ஒரு மௌனம்

வசனம் மனப்பாடம் செய்ய வீட்டிலேயே நல்ல இடம் சமையலறைதான், தம்பி. கைக்கு ஒரு வேலை இருந்தால் வாய் தானாகப் பிடித்துக்கொள்ளும். ராய்ஸ் டிண்டால் பட்டாணி உரித்தபடியேதான் பாதிப் படங்களைப் பாடம் பண்ணினான். எதிரில் உட்கார்ந்து மற்றவர்களின் வசனத்தையெல்லாம் நான் சொல்வேன். அதுதான் என் வேலை. அவன் மனைவியாக, எதிரியாக, நீதிபதியாக, ஒருமுறை அவன் குதிரையாகக்கூட இருந்திருக்கிறேன். என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவான். லோர்னா என்று எனக்கொரு பெயர் இருப்பதே ஸ்டூடியோவில் பலருக்குத் தெரியாது.

நான் வந்து சேர்ந்தபோது அவன் பெரிய ஆள் இல்லை. கௌபாய் படங்களில் ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் சாகிறவன். பிறகு ஷெரீப் வேஷம், பிறகு படைத்தளபதி, கடைசியில் ஜனாதிபதி. ஸ்டூடியோக்கள் இருக்கும் பர்பேங்கில் அவன் சாப்பிட நுழைந்தால் மேஜைகள் அமைதியாகிவிடும். வீட்டின் பின்பக்க அறையில் நான் இருந்தேன். எனக்கென்று வேறொரு வீடு வைத்துக்கொள்ளத் தோன்றவே இல்லை.

அவன் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் பட்டாணிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினான்.

"போதும் டீச்சர். கோரின் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. இந்தப் படம் முடிஞ்சதும் ஒரிகான் போயிடறேன், அவ பேரிக்காய்த் தோட்டத்துக்கு. எவனும் எழுதிக் குடுக்காத பேச்சைக் கொஞ்சம் பேசிப் பார்க்கணும்ல?"

கோரின் அவன் மகள். அப்போ நான் என்று கேட்டேன்.

"நீயும் ஓய்வெடு. எத்தனை நாளைக்குத்தான் என் குதிரையா இருப்ப?"

சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

ஷூட்டிங் நடக்க நடக்க வசனம் மாறிக்கொண்டே இருக்கும், தம்பி. மாற்றிய பக்கத்தை வேறு நிறத் தாளில் அடித்து அனுப்புவார்கள். முதலில் வெள்ளை, மாற்றினால் நீலம். அவனுக்கு வருவதை வாங்கி வைப்பவள் நான். ஒரு மாலை வந்த நீலத்தாளைக் கரண்டி இழுப்பறையில் போட்டுவிட்டு, பழைய வெள்ளைத்தாளை வைத்தே பயிற்சி கொடுத்தேன். காலையில் அவன் எழுவதற்கு முன் நீலத்தாளை அவனுடைய கோப்பில் செருகினேன். அவ்வளவுதான். செட்டில் எல்லோரும் ஒன்று பேச, அவன் வேறொன்று பேசினான். டைரக்டர் கோப்பைத் திறந்து நீலத்தாளைக் காட்டினார். "நேத்து இதைத்தானே படிச்சோம், ராய்ஸ்" என்று மெதுவாகச் சொன்னேன். நம்பினான். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவான்?

அப்புறம் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கவில்லை. மீதியைப் பயம் பார்த்துக்கொண்டது. நன்றாகப் பாடம் பண்ணிய வரியிலும் தடுமாறினான். நரம்பு டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். இந்த வயதுக்கு அருமையான ஞாபகசக்தி என்று அவர் அவன் எதிரிலேயே சொன்னார். திரும்பும் வழியில், இதையெல்லாம் டாக்டர்கள் நோயாளியின் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள் என்று ஆறுதல் சொன்னேன். அவன் கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பேரிக்காய்த் தோட்டத்தைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை.

காதுக்குள் வைக்கும் அந்தக் கருவி அப்போது வாங்கியது. பட்டாணியைவிடச் சின்னது. வேனுக்குள் உட்கார்ந்து மைக்கில் நான் சொல்லச் சொல்ல, கேமரா முன்னால் அவன் சொல்வான். நான் முடிக்கும்வரை அவன் காத்திருக்க வேண்டும் இல்லையா, அந்தச் சின்ன மௌனத்தைப் பத்திரிகைகள் தலையில் வைத்துக் கொண்டாடின. ஒரு மனிதனின் முழு வாழ்க்கையும் அதில் தெரிகிறதாம். அவன் வாங்கியதிலேயே பெரிய விருது அந்த மௌனத்துக்குத்தான். நான் பங்கு கேட்கவில்லை.

வீட்டிலும் கழற்ற வேண்டாம் என்றேன். வெளியாள் யாரிடமாவது உளறிவிட்டால் அவன் பெயர் என்னாவது? என்ன சாப்பிட வேண்டும், யாருக்கு என்ன பதில் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கோரின் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். பின்னறையில் இருக்கும் இன்னொரு போனில் கேட்டபடி அவன் காதுக்கு வரி கொடுப்பேன். "இங்க என் வேலை இன்னும் முடியலம்மா, நீ கூப்பிடாத" என்றான் ஒருநாள். அவள் அழுதாள். அந்த வரி எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டீச்சர், இப்ப அது நான் சொன்னதா, நீ சொன்னதா?"

"நீதான் சொன்ன."

என் முகத்தையே பார்த்தான். "சரி" என்றான். அவனாகப் பேசி நான் கேட்ட கடைசி வார்த்தை அது.

அவனைப் பூட்டி வைத்தேனா என்று நேற்று கேட்டீர்கள். ஒருநாளும் இல்லை. தோட்டக் கதவு திறந்தேதான் கிடக்கும். படிவரை போவான், நிற்பான். எந்தப் பக்கம் என்று நான் சொல்லாமல் எப்படிப் போவான்?

அவனையும் தனியாக உட்காரவைத்துக் கேட்டீர்கள், யாராவது உங்களை இங்கே பிடித்து வைத்திருக்கிறார்களா என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இல்ல தம்பி, நான் இங்க... சந்தோஷமா இருக்கேன்" என்றான். உங்கள் கண் கலங்கியதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். போலீஸ்காரர்களுக்கும் நல்ல நடிப்பு பிடிக்கும் போலிருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்திச் சொல்லச் சொன்னது நான்தான்.

இன்று காலை கோரின் வந்து அந்தக் கருவியை அவன் காதிலிருந்து எடுத்துவிட்டாள். சரி, எடுக்கட்டும். தாள், டாக்டர், போன் எல்லாம் என் வேலைதான். அவன் மூளைக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் முன்னறையில் அவள் அவன் முன்னால் மண்டியிட்டு, "போலாமாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பாவம், அப்பாவுக்குத் தன்மேல் கோபம் என்று நினைக்கிறாள். கோபமெல்லாம் இல்லை. அவன் காத்துக்கொண்டிருக்கிறான்.

அந்தக் கருவியை அவன் காதில் வைத்துவிட்டு, மைக்கை ஒரு நிமிஷம் என்னிடம் கொடுங்கள், தம்பி. போகிறேன் என்று சொல்லச் சொல்கிறேன், எழுந்து போய்விடுவான். நான் எந்நாளும் அவன் விருப்பத்துக்குக் குறுக்கே நின்றவள் இல்லை.