நான் போட்ட பூஜ்யம்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியப் பெருமக்களே! பிள்ளை வெள்ளைக் கோட்டு மாட்டுவதைப் பார்க்கப் பேருந்து பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே! நாளை வார்டுக்குள் காலடி வைக்கப்போகும் மாணவக் கண்மணிகளே! வணக்கம்.

மருத்துவ அறம் பற்றிப் பேச அழைத்தார்கள். சாதித்ததைச் சொல்ல வரவில்லை, சறுக்கியதைச் சொல்ல வந்திருக்கிறேன். முன்வரிசையே, கைதட்டாதீர்கள், கேட்டுவிட்டுத் திட்டுங்கள்!

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்முறைத் தேர்வு. தேர்வாளர் நான். வயிற்றுக் கட்டியோடு படுத்திருந்தார் ஒரு தையல்காரம்மா. பதினோரு மாணவர்கள் வந்தார்கள், அழுத்தினார்கள், விடை சொன்னார்கள், விரைந்தார்கள். பன்னிரண்டாவதாக வந்தவள் லாரி ஓட்டுநர் ஒருவரின் மகள். திரையை இழுத்து மூடினாள், குனிந்தாள்.

"அம்மா, வயித்தத் தொட்டுப் பார்க்கலாமா?"

"வேண்டாம்மா. காலைலேர்ந்து அமுக்கி அமுக்கி உயிர் போகுது."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"என்ன நிக்கிறே? பாரு!" என்றேன்.

"வேண்டாங்கிறாங்க மேடம்."

"தொடலைன்னா பூஜ்யம்."

"சரிங்க மேடம்."

குரல் நடுங்கியது, கொள்கை நடுங்கவில்லை. போட்டேன் பூஜ்யம்! யாரங்கே 'அடப்பாவி' என்பது? ஆம் தாயே, அந்தப் பாவி நானேதான்!

மாலையில் தையல்காரம்மா கேட்டார்: "டாக்டரம்மா, அந்தப் பொண்ணு பாஸா?"

"இல்லைம்மா."

வலியோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நான் வேண்டாம்னதுக்கு அவளுக்கா தண்டனை? ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கவே நான் கேட்டுட்டுத்தான் கை வைப்பேன். இத்தனை பேர்ல என்னைக் கேட்டது அவ ஒருத்திதானே!"

படித்தவள் நானா? அவரா? அறம் அறிந்தவள் நானா? அந்த மாணவியா?

மறுநாளே தேர்வுக்குழுவின் கதவைத் தட்டினேன். "போட்ட மார்க்கைத் திருத்தினா உங்க மானம் போயிடும்" என்றார்கள். "போகட்டும்" என்றேன். மூன்று முறை மறுத்தார்கள். நான்காம் முறையும் போனேன். மறுதேர்வு நடந்தது. வேறொரு நோயாளி. அனுமதி கேட்டாள், கிடைத்தது, தேறினாள். அன்று முதல் இக்கல்லூரியில் அனுமதி கேட்பதற்கும் மதிப்பெண் உண்டு. நோயாளி மறுத்ததற்காக எவரும் தோற்பதில்லை!

மாணவர்களே! படுத்திருப்பது பாடப்புத்தகம் அல்ல, உங்களைப் போல் ஓர் உயிர். கேளுங்கள்! தொடுமுன் கேளுங்கள்! ஒவ்வொரு முறையும் கேளுங்கள்! வேண்டாம் என்றால் விலகுங்கள். எந்தப் பெரியவர் அதட்டினாலும் அசையாதீர்கள். நானே அதட்டினாலும் அசையாதீர்கள்!

இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, நாளை வார்டில் சந்திப்போம் என்று விடைபெறுகிறேன். வணக்கம்!