கோகிலவாணி அம்மையார் விட்டுக்கொடுக்காத ஓரிடம்

கொல்லிமலைக் குளிரிலும் கொட்டும் மழையிலும் குறையாத கனிவே! வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் வலியோடு வந்தவர்க்கெல்லாம் வாசலில் நின்ற வைத்தியமே! எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தலைமை மருத்துவர் கோகிலவாணி அம்மையாரே, வணக்கம்!

பொன்னாடை போர்த்தி, பூமாலை சூட்டி வழியனுப்பக் காத்திருந்த எங்களைத் தாங்கள் திகைக்க வைத்துவிட்டீர்கள். அந்தத் திகைப்பில் முதலில் விழுந்தவர் நம் இளம் மருத்துவர் ஜாஸ்மின். ஆகவே, அவருக்கு நேர்ந்ததையே அவையோர்க்குச் சொல்கிறோம்.

ஜாஸ்மின் குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்க விரும்பினார். ஒரு வீட்டின் கைக்குழந்தை முதல் முதியவர் வரை அத்தனை பேரையும் ஒருவரே பார்க்கும் மருத்துவம் அது. நுழைவுத்தேர்வுக்கு மாலைதோறும் கேள்வி கேட்டுப் படிக்க வைத்தவர் அம்மையார். எந்த மருத்துவமனையை முதல் விருப்பமாகப் பதிவது என்று ஜாஸ்மின் குழம்பியபோது, "நேர்ல பாக்காம என்னத்தப் போடறது? வா கண்ணு, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்று உடன் கிளம்பியவரும் அவரே.

நகரத்துப் பெரிய மருத்துவமனையில், படிக்க வந்தவர்களை ஆள் குறையும் வார்டுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜாஸ்மினுக்குப் பிடிக்கவில்லை. புளியஞ்சோலைக்கு அப்பால், துறையூர்ப் பக்கத்துச் சிறிய மருத்துவமனையிலோ, ஒவ்வொருவரிடமும் சில குடும்பங்களை ஒப்படைத்து, படிப்பு முடியும்வரை வீடு தேடிப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். ஜாஸ்மினின் மனம் அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஆனால் இருந்ததோ ஒரே இடம்.

"இந்தப் பொண்ணுக்குங்களா?" என்று கேட்டார் அங்கிருந்த மருத்துவர் ரமேஷ்குமார்.

"ஆமாங்க. எனக்குந்தானுங்க" என்றார் அம்மையார்.

ஜாஸ்மின் சிரித்துவிட்டார். அம்மையார் சிரிக்கவில்லை. ஜாஸ்மின் நாமக்கல்லில் தேர்வெழுதிய அன்று, கல்யாணம் என்று சொல்லிச் சேலம் போனவர், அங்கே அதே தேர்வை எழுதியிருக்கிறார். தரவரிசையிலும் ஜாஸ்மினுக்கு முன்னால் நிற்கிறார்!

திரும்பும் பேருந்தில் ஜாஸ்மின் கேட்டேவிட்டார். "நீங்க ரிட்டயர் ஆகப் போறீங்க மேடம். எனக்கு விட்டுத் தர மாட்டீங்களா?"

"மாட்டேன் கண்ணு."

ஜாஸ்மின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மையாரே தொடர்ந்தார்.

"பையன் படிப்புன்னு மேல்படிப்ப ஒருக்கா உட்டேன். மாமியார் படுத்துட்டாங்கன்னு ஒருக்கா உட்டேன். இதையும் உட்டா, உன்னைப் பாக்கறப்பெல்லாம் எனக்கு வயிறெரியும். அதுக்கு நீ எம்மேல கோவமா இருந்துட்டுப் போ."

சோளக்காடு நிறுத்தத்தில் இறங்கியதும் ஜாஸ்மின் தனியே நடந்துவிட்டார். மறு ஞாயிறு அம்மையாரே அவர் வாசலில் வந்து நின்றார். "ரெண்டாவதா எதைப் போடப் போற? அதையும் பாத்துட்டு வருவோம், கெளம்பு சாமி." முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஜாஸ்மின் போனார். தருமபுரிப் பக்கத்து மருத்துவமனை அது. இம்முறை கேட்க வேண்டியதையெல்லாம் ஜாஸ்மினே கேட்டார். அங்கிருந்த நோயாளிகளிடமும் பேசிப் பார்த்தார். வரும்போது முகம் சற்றுத் தெளிந்திருந்தது. கலந்தாய்வு முடிவில் அம்மையாருக்குத் துறையூர்ப் பக்கம், ஜாஸ்மினுக்குத் தருமபுரிப் பக்கம் என்று வந்தது.

மருந்தாளுநர் பாலசுப்பிரமணியம் எழுதி வந்த இம்மடலில், 'தன்னலமற்ற தியாகமே' என்று ஒரு விளி இருந்தது. "அதை மட்டும் எடுத்துடுங்க சார்" என்றார் ஜாஸ்மின்.

"இன்னும் கோவமா?" என்றார் செவிலியர் ஜெசிந்தா.

"கொஞ்சம் இருக்கு. ஆனா இது அதுக்காக இல்ல. தனக்கு வேணும்னு அவங்க வாய்விட்டுக் கேட்டாங்களே, அதத்தான் நான் அவங்ககிட்ட கத்துக்கணும்."

அவ்விளியை நீக்கிவிட்டோம். அறுபதில் மாணவியாய் மலையிறங்கும் அம்மையாரே! இரவுப் பணியில் இடுப்பு நோகாமல், இளையவர் கேள்விக்கு இடறாமல், நலமே சூழ நெடுங்காலம் வாழ்க! வேண்டியதை 'வேண்டும்' என்றே கேட்டு வாழ்க!

திகைப்பு இன்னும் தீராத
தங்கள் பணியாளர்கள்,
தேவனூர் நாடு, கொல்லிமலை.