அழகான இலைகளை அனுப்பினோம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் என் உடன்பிறந்த தம்பியே, தோட்டக்காரர் சங்கத்துப் பெரியோர்களே, ஒட்டுக் கட்டிக் கட்டி விரல் காய்த்த தாய்மார்களே, வணக்கம். வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். வாழ்த்த வாய் வரவில்லை. என்னை மன்னிக்க வேண்டாம், கேட்டால் போதும்.

தலைவர் தோட்டத்துத் தாய்மரத்தை அறியாதவர் இங்கே யார்? அதன் மொட்டை வாங்கி ஒட்டுக் கட்டாத ஆரஞ்சுத் தோட்டம் எது? என் தோட்டமும் அதன் பிள்ளைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வகம் அம்மரத்தின் இலைகளைக் கேட்டது. என் தம்பி மனைவி கைக்கெட்டிய ஒரே கிளையில் மாசு மருவற்ற இலைகளாகப் பொறுக்கினாள், கழுவினாள், துடைத்தாள். "நம்ம வீட்டு இலைய நாலு பேர் பாக்கப்போறாங்க, பளிச்சுன்னு இருக்கட்டும்" என்றாள். கண்காட்சிக்கா அனுப்பினோம்? நோய் தேடுகிறவர்களுக்கு அனுப்பினோம்! நோயில்லை என்று பதில் வந்தது. நாமும் கத்தியைத் தீட்டிக்கொண்டு மொட்டெடுக்க ஓடினோம்.

சோதனை பொய் சொன்னதா? இல்லை. இலைக்குள் வைரஸின் மரபணுத் துணுக்கு ஒன்றிரண்டு ஒளிந்திருந்தாலும் கோடி மடங்கு பெருக்கிக் காட்டும் சோதனை அது. இல்லாததை எப்படிப் பெருக்கும்? வைரஸ் மரமெங்கும் ஒரே சீராகப் பரவுவதில்லை. ஒரு கிளையில் குடியிருக்கும். அடுத்த கிளையை எட்டியும் பார்த்திருக்காது.

இம்முறை ஆய்வகத்துப் பெண்ணே ஏணி போட்டு ஏறி, நாற்புறமும் இலை எடுத்தாள். தாய்மரத்தில் வைரஸ். நம் ஒட்டுமரங்களில் பாதிக்கு மேல் வைரஸ். இன்று பச்சைப்பசேலென்று நிற்கின்றன. நாளை நின்றபடியே பட்டுப்போகும்.

நோய் மரங்களை வெட்ட அறுவடைவரை பொறுக்கலாம் என்கிறது தலைவரின் தீர்மானம். அசுவினிப்பூச்சி பொறுக்குமா, தலைவர் அவர்களே? இங்கே நோய்ச்சாறு உறிஞ்சிய வாயோடு அது அக்கரைத் தோட்டங்களுக்குப் பறக்குமே! நம்மிடம் ஒரு மொட்டும் வாங்காத அவர்கள் செய்த பாவம் என்ன?

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார், "காய்க்கிற மரத்த வெட்ட மனசு வருமாக்கா?" வராது தம்பி. எனக்கும் வரவில்லை. மனம் வரட்டும் என்று காத்திருந்தால் மரமே மிஞ்சாது.

தலைவர் காலையில் என் வீட்டு வாசலில் நின்று, "தாய்மரத்த மட்டும் விட்டுடச் சொல்லுக்கா" என்றார். அதை விட்டுவிட்டு ஊரார் மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு நாக்கு ஏது?

ஆகவே திருத்தம் கொண்டுவருகிறேன். நோய் கண்ட மரம் அனைத்தும் இவ்வாரமே வீழட்டும். முதலில் தாய்மரம்; அடுத்தது என் தோட்டம். சம்மதிப்போர் கை உயர்த்துங்கள்.

தம்பி, நீ விழுந்தபோதெல்லாம் கையைப் பிடித்துத் தூக்கியவள் நான். அந்தக் கையை இன்று நீயேதான் தூக்க வேண்டும். காத்திருக்கிறேன்.

கசப்பைக் கேட்டுப் பொறுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.