ஸ்டீபனுக்கு ஞாபகம் வந்தது

நாற்காலிகளை எதிரெதிரே போட்டிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அப்படிப் போட்டால் ஆள் இறுகிப்போவான். மேசை மூலையில் பக்கவாட்டாக உட்கார வேண்டும். குறையாகச் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் பர்சனல் ஆபீசராக இருந்து, ஆட்களை விசாரிப்பதே பிழைப்பாகப் போனவன் நான். பழக்கதோஷம்.

வேலைக்குச் சேருகிறவனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கப் பொன்னேரி, வள்ளூர் என்று நானே போவேன். நேரடியாகக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "பையன் குடிப்பானாமே" என்று தப்பாகச் சொன்னால் போதும், திருத்துவதற்குத் தெருவே கூடிவிடும். ஸ்டீபனையும் அப்படி விசாரித்துத்தான் எடுத்தேன். "அவன் வாயில பொய்யே வராது சார்" என்றார்கள். உண்மைதான்.

ஏழுமலை செத்த விஷயத்துக்கு வருகிறேன். பழைய இரும்பை அழுத்திக் கட்டியாக்கும் பிரஸ் எங்களிடம் இருக்கிறது. தகடு சிக்கினால் ஒருவன் உள்ளே இறங்கி எடுக்க வேண்டும். இறங்குகிறவன் சுவிட்சின் சாவியைக் கழற்றி, தன் உயிர்க் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவான். சூப்பர்வைசர் கேட்டாலும் கூட்டாளி அதைத் தரமாட்டான். சட்டத்தில் இல்லாத வழக்கம், ஆனால் சட்டத்தைவிடக் கெட்டி. அன்று ஏழுமலை இறங்கினான். சாவி ஸ்டீபனின் சட்டைப் பையில் இருந்தது. பிரஸ் ஓடியது.

பார்த்தவர்கள் இல்லை. மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஸ்டீபன் சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி ஜெனிபருடன் போனில் பேசிக்கொண்டிருந்தான். ஆலையின் விசாரணை என்னிடம் வந்தது.

"சாவி எங்கிட்டதான் சார் இருந்துச்சு. நான் சுவிட்சாண்ட போவவே இல்ல" என்றான் முதல் நாள். நான் மறுக்கவில்லை. அழ விட்டேன், டீ வாங்கிக் கொடுத்தேன். காலையிலிருந்து நடந்ததைக் கண்ணை மூடிச் சொல்லச் சொன்னேன். பிறகு கடைசியிலிருந்து பின்னோக்கி. யார் சொன்னாலும் இரண்டும் ஒத்துப்போகாது சார், நீங்களே சொல்லிப் பாருங்கள். ஒத்துப்போகாத இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றேன்.

"மனசு தாங்காததை மனசே மறைச்சிடும், தம்பி" என்றேன். "திருப்பியிருந்தா எந்தக் கையால திருப்பியிருப்பே?"

வலது கையைப் பார்த்தான். அந்த வாரம் முழுக்க அதையே பார்த்தான். நீ செய்தாய் என்று ஒருமுறைகூட நான் சொல்லவில்லை. கடைசியில் அவனே சொன்னான்: "ஆமா சார். போன் பேசிக்கினே வந்து திருப்பிட்டேன் சார். இப்பதான் நல்லா ஞாபகம் வருது." சொன்னபோது அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்குத் தொழில்முறையில் திருப்தி. அதை மறைப்பானேன்?

அன்றே ஏழுமலையின் அம்மா கங்கம்மாள் வாசலில் போய் நின்று, "நான்தாம்மா கொன்னுட்டேன்" என்றானாம். அவள் மண்ணை வாரி அவன் மேல் இறைத்தாளாம். துடைக்காமலே நின்றானாம்.

கைதாகி ஜாமீனில் வந்த பிறகு அவன் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். போன வாரம் ஜெனிபர் என் வீட்டுக்கு வந்தாள். "எப்பப் பாத்தாலும் அந்தக் கையையே பாத்துக்கினு கீறாரு சார். நேத்து அடுப்புல வச்சிட்டாரு. அடுத்து இன்னா பண்ணுவாரோ, பயமாக்குது சார்." அப்போதுதான் எனக்கு மனம் கேட்கவில்லை. நானும் பிள்ளை குட்டிக்காரன்.

அந்தப் பிரஸ்ஸுக்கு இன்னொரு சாவி உண்டு சார். என் மேஜை டிராயரில் இருந்தது, யாருக்கும் தெரியாது. அன்று லோடு ஏற்ற லாரி காத்திருந்தது. மெஷின் சும்மா நின்றது. எல்லோரும் திமிராக அதை நிறுத்திவிட்டு டீக்குப் போய்விட்டார்கள் என்று எனக்கு எரிச்சல். எட்டிப் பார்க்காமல் திருப்பினேன். உள்ளேயிருந்து ஆள் சத்தம் கேட்டதும் அணைத்தேன். சாவியைக் கழிவு எண்ணெய்த் தொட்டியில் போட்டுவிட்டு, அறைக்கு வந்து உட்கார்ந்தேன். தேடினால் கிடைக்கும்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்டீபனிடம் இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டான். அப்புறம் எனக்கு ஆறுதல் சொன்னான்.

"எனக்காவ நீங்க பொய் சொல்லாதீங்க சார். நான்தான் திருப்புனேன். அந்தச் சாவி இன்னும் கையில கீற மாதிரியே கீது."

எவ்வளவோ சொல்லியும் அவன் நம்பவில்லை. ஜெனிபர் மூலையில் நின்று அழுதாள். அதனால்தான் இங்கே வந்தேன். என்மேல் எந்த வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அவனை ஒரே ஒரு தடவை என்னிடம் தனியாக விடுங்கள் சார். கொஞ்ச நேரம் போதும். அவன் செய்யவில்லை என்பதையும் நானே அவனுக்கு ஞாபகப்படுத்திவிடுவேன்.