பின்பக்கம் போய்த் தட்டு

நடுவுல நடக்காத தம்பி, ஓரமாப் போ. கோயில்ல நடுப்பாதை சாமி நடக்குற வழியாம். ம்க்கும், நடந்து கிழிச்சுது! ஒரு நாளாவது இறங்கி வந்து துறைமுகத்தை எட்டிப் பாத்திருக்கா?

கேமராவை அப்புறம் தூக்கலாம். நான் சொன்னது நெனப்பிருக்கா? என் மருமக மினோரி விடியக்காலையிலேருந்து ஆஸ்பத்திரியில வலியில துடிச்சுக்கிட்டு கெடக்கா. தாயும் புள்ளையும் நல்லபடியா பொழைக்கணும். அதை மட்டும் கேளு. உன் டோக்கியோ வேலை, சம்பள உயர்வு எல்லாம் இதுல சேக்காத.

கையைக் கழுவிக்கோ. தொட்டியில தண்ணி இல்லையா? எப்படி இருக்கும்! பூசாரி பக்கத்து டவுன்காரரு. திருவிழாவுக்கு மட்டும் கார்ல வருவாரு. சாமிக்கு வச்ச சாக்கே சாராயத்தைக் குடிச்சுட்டு, எங்க மீனையும் பெட்டியில போட்டு எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுவாரு. இங்க வாசலுக்கு வா, என் பாட்டில்ல தண்ணி இருக்கு.

ம், இப்ப போய் மணிக்கயித்தை இழு. இன்னும் பலமா! காலையில சாப்பிடலையா நீ?

கும்பிட்டாச்சா? அது பத்தாது. பின்பக்கம் போய்ப் பலகைச் சுவத்துல தட்டி, மறுபடி சொல்லு. சிரிக்காத, நெசமாத்தான். எபிசு சாமிக்குக் காது மந்தம். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் தட்டுவோம். கடலுக்குப் போறவங்களுக்குக் காவலா வச்சிருக்காங்க பாரு, ஒரு செவிட்டை!

அடுத்த வீட்டு கமாதாகிட்ட கேட்டிருக்கலாம்தான். மாட்டேன்னு சொல்ல மாட்டா. செஞ்சுட்டு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு மூக்கை உறிஞ்சுவா. எனக்கு அது ஆகாது. உன்னை மாதிரி வழிப்போக்கன்னா தேவலை.

இவ்வளவு திட்டுறவ எதுக்குக் கேக்கச் சொல்றேன்னா? எனக்கா வேணும்? மினோரி கேட்டா. பல்லைக் கடிச்சுக்கிட்டு, அத்தை, எபிசுகிட்ட சொல்லிட்டு வாங்கன்னா. அந்த நேரத்துல முடியாதுன்னு எப்படிச் சொல்றது?

நானா? நான் உள்ள வரக்கூடாதுப்பா. வீட்டுல சாவு விழுந்தா துக்கம் கழியற வரைக்கும் இந்தச் செவப்பு வாசலைத் தாண்டக்கூடாது.

எம்மவன்தான். மினோரி புருஷன். போன வாரம் படகு கவுந்துடுச்சு. அவனும் இதைத்தான் கூப்பிட்டிருப்பான். காப்பாத்தத் துப்பில்ல, அவன் செத்தது மட்டும் இதுக்குத் தீட்டாம்.

சரி, நிக்காத, போ. மினோரி பேரைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லு.