கடைசி சி ஷிப்ட்

எங்கள் பிளாக்கில் வேப்பமரம் அதிகம் ஐயா. பகலிலும் வீடு குளுகுளுவென்று இருக்கும், ஷிப்ட் வேலைக்காரர்கள் தூங்குவதற்கு ஏற்ற இடம். என் கணவர் இருதயசாமி மைன்ஸில் முப்பத்தோரு வருடம் பெர்மனென்ட். அவர் நன்றாகத்தான் தூங்கினார். தூங்காதவள் நான்.

தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்றுவிடும். குறட்டை சட்டென்று அறுந்துபோகும். நான் தோளைப் பிடித்து உலுக்கினால் ஒரு திணறலோடு மறுபடி ஆரம்பிக்கும். ஒருநாள் அசந்துவிட்டேன், கண் விழித்தபோது அவர் உதடு நீலம் பூத்திருந்தது. அன்றிலிருந்து உலுக்குவதுதான் என் உத்தியோகம். காலையில் அவர், "ராத்திரி பூரா என்னை நோண்டிக்கினே இருந்தா மனுசன் எப்படித் தூங்கறது மேரி?" என்று சலித்துக்கொள்வார்.

சி ஷிப்ட் வாரம் மட்டும் எனக்கு விடுமுறை. இரவு அவர் கம்பெனி பஸ் ஏறியதும் தாழ்ப்பாள் போட்டுப் படுத்தால் விடியும்வரை ஒரே தூக்கம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும் அந்த ஆறு இரவுகளை நம்பித்தான் நான் உயிரோடு இருந்தேன்.

போன வருடம் டாக்டர் ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டால் அது காற்றைச் செலுத்தி மூச்சை நிற்கவிடாது. இவர் அரைமணியில் கழற்றி எறிந்தார். அது பழகும்வரை போட்டுக்கொள்ளத் தூக்க மாத்திரை கொடுத்த டாக்டர், என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "மாஸ்க் இல்லாம இதக் குடுக்கவே கூடாதும்மா. மூச்சு நின்னா ஒடம்பு தானா முழிச்சுக்கும். மாத்திரை உள்ள போனா அதுவும் முழிக்காமப் போயிடலாம்."

மாஸ்க் பழகிவிட்டது. குறட்டை நின்றது. ஆனால் என் காது பழகவில்லை. மெஷின் நின்றுவிடுமோ, மாஸ்க் நழுவிவிடுமோ என்று விடிய விடியக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை ஐயா. பயம்தான். என்ன செய்தும் அது போகவில்லை.

இந்த மாதக் கடைசியில் ரிடையர்மென்ட். "இனிமே சி ஷிப்டே கெடையாது மேரி, டெய்லி ராத்திரி வூட்லதான்" என்று குழந்தைபோல் சிரித்தார். நான் காலண்டரில் மிச்சமிருந்த சி ஷிப்ட் இரவுகளை எண்ணிப் பார்த்தேன்.

கடைசி சி ஷிப்ட் முடிந்து காலையில் வந்தார். நான்கு இட்லி சாப்பிட்டார். நான் கொடுத்த பாலைக் குடித்துவிட்டு, தானே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தார். எட்டு நாற்பதுக்கு மாஸ்க் கழன்றதாக மெஷினில் பதிவாகியிருக்கிறது என்கிறீர்கள். சரிதான். நான்தான் கழற்றினேன். கன்னத்தில் பட்டை பதிந்து சிவந்திருந்தது, பார்க்கப் பாவமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. பிறகு அறுந்தது. என் கை தானாக நீண்டது, அதை இழுத்துக்கொண்டேன். எழுந்து அடுத்த அறைக்குப் போய் மின்விசிறியை வேகமாக வைத்துப் படுத்தேன். மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு சரிதா கதவைத் தட்டும்வரை எனக்கு நினைவே இல்லை. அப்படி ஒரு தூக்கம்.

பாலில் எத்தனை மாத்திரை என்று கேட்டீர்கள். டாக்டர் சொன்னது ஒன்று, நான் போட்டது அதைவிடக் கூட. அவர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் போட்டேன் ஐயா. நடுவில் விழித்தால் என்னைத்தானே கூப்பிடுவார்.